இரண்டு 127 நாள், ஒரு ஆறு: ஜூலை 12-க்கும் ஜனவரி 27-க்கும் யாரெல்லாம் வருகிறீர்கள்?

கல்லணைக்காற்று · ஜூன் 17, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். கல்லணையில் ஷட்டரைத் தூக்கிப் பூவும் நெல்லும் தூவியதைப் பார்த்துவிட்டு வந்த கையோடு எழுதுகிறேன். இந்த வருஷம் மேட்டூரை ஜூன் 12 அன்றே திறந்துவிட்டார்கள். காவிரி, வெண்ணாறு, புது ஆறு மூன்றிலும் தண்ணீர் நுரைத்துக்கொண்டு இறங்கியது. கையில் கேமரா இல்லை என்று அங்கே நின்றபோது ரொம்ப வருத்தப்பட்டேன். அப்போது தோன்றிய யோசனைதான் இது.

127 ஃபிலிம் பற்றி இங்கே பலருக்குத் தெரியும், புதியவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். 1912-இல் கோடாக் கம்பெனி, சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் வெஸ்ட் பாக்கெட் கேமராவுக்காக இதைக் கொண்டுவந்தது. ஃபிலிமின் அகலம் 46 மி.மீ. 127 என்பது கோடாக் தன் ரோல்களுக்குப் போட்டுவந்த வரிசை எண், அளவோடு அதற்குச் சம்பந்தமில்லை. 35 மி.மீ. ஃபிலிமை விடப் பெரியது, 120 என்ற ரோல் ஃபிலிமை விடச் சிறியது. கேமராவைப் பொறுத்து ஒரு ரோலில் 4×6.5 செ.மீ. அளவில் 8 படம், அல்லது 4×4-இல் 12, அல்லது 3×4-இல் 16. கோடாக் 1995-இல் நிறுத்தியது. குரோஷியாவில் எஃப்கே என்ற பெயரில் போட்டுக்கொண்டிருந்த தொழிற்சாலையும் 2012-இல் மூடிவிட்டது.

இதை வைத்திருப்பவர்கள் வருஷத்தில் ஒரு நாள் ஆளுக்கு ஒரு ரோல் எடுத்துக் கொண்டாடுகிறார்கள். மாதத்தை முன்னால் எழுதும் அமெரிக்கர்களுக்கு 1-27, அதாவது ஜனவரி 27. தேதியை முன்னால் எழுதும் நமக்கு 12-7, ஜூலை 12.

இப்போது நம் ஊர்க் கணக்கை இதோடு சேர்த்துப் பாருங்கள். மேட்டூர் வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. மூடும் நாள் ஜனவரி 28. ஜூலை 12 என்றால் தண்ணீர் திறந்து சரியாக ஒரு மாதம். ஜனவரி 27 என்றால் அணை மூடுவதற்கு முந்தின நாள். உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரருக்கும் இந்த இரண்டு தேதிகளும் இப்படிப் பொருந்தி வரும் என்று நான் நினைக்கவில்லை. ஒன்றில் குறுவை நடவு, மற்றொன்றில் சம்பா அறுவடை.

அதனால் என் யோசனை: ஆளுக்கு ஒரு இடம். கல்லணையிலிருந்து கடல் வரைக்கும் ஆற்றுக்கரையில் ஒரு இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஜூலை 12 அன்று அங்கே ஒரு ரோல். ஜனவரி 27 அன்று அதே இடத்தில், அதே கால் வைத்த இடத்தில் நின்று இன்னொரு ரோல். எல்லாவற்றையும் ஆற்று வழியிலேயே வரிசையாக வைக்கலாம். நான் கல்லணை எடுத்துக்கொள்கிறேன். யாரெல்லாம் வருகிறீர்கள்?

ஐயாறு · ஜூன் 17, இரவு 10.15

அண்ணே, நான் வருகிறேன். திருவையாறு புஷ்ய மண்டபப் படித்துறை எனக்கு. ஆனால் என்னிடம் 127 கேமரா இல்லை, நேரில் பார்த்ததுகூட இல்லை. எங்கே தேடுவது? ஃபிலிம் எங்கே கிடைக்கும்?

குடந்தை நெகட்டிவ் · ஜூன் 18, காலை 6.30

நல்ல யோசனை. கும்பகோணம் பகவத் படித்துறை என் பொறுப்பு.

தம்பி ஐயாறு, கேமராவுக்குப் பயப்படாதே. பழைய பாத்திரக் கடை, எடைக்குப் போடும் இடம், மூடிப்போன ஸ்டூடியோ வீட்டுப் பரண் எல்லாவற்றிலும் கேட்டுப் பார். பிரௌனி 127, பேபி பிரௌனி இரண்டும் பேக்கலைட்டில் செய்தவை, உள்ளே கெட்டுப்போக ஒன்றும் கிடையாது. எனக்குக் கிடைத்தவை எல்லாம் அப்படி வந்தவைதான். என்னிடம் மூன்று பிரௌனி 127 இருக்கின்றன, உனக்கு ஒன்று தருகிறேன். யாஷிகா 44 மாதிரி இரட்டைக் கண் கேமரா கிடைத்தால் அதிர்ஷ்டம், அதைத் திறந்து பார்க்காமல் விலை பேசாதே.

ஃபிலிம் விஷயம்தான் பெரியது. ஜப்பானிலிருந்து ரேரா பான் என்று 127 வந்தது. இங்கே வரவழைத்தால் தபால், சுங்கம் எல்லாம் சேர்ந்து கட்டுப்படியாகாது. நான் 120 ரோலை வெட்டித்தான் போடுகிறேன். 120-இன் அகலம் 61 மி.மீ. சொச்சம். அதில் 46-ஐ எடுத்துக்கொண்டால் ஓரமாக 15 மி.மீ. பட்டை மிச்சமாகும். அதையும் எறிவதில்லை, ஃபிலிம் கழுவும் டெவலப்பர் மருந்தைப் புதிதாகக் கலக்கும்போது சோதனைக்கு ஆகும்.

தேக்குக் கட்டையில் ஒரு பெட்டி செய்துவைத்திருக்கிறேன். ஒரு பக்கம் சவர பிளேடு, மறுபக்கம் ஃபிலிம் இழுக்க ஒரு வாய். இருட்டறையில் ரோலை அதற்குள் விட்டு இழுத்தால் ஃபிலிமும் அதன் முதுகில் வரும் பின்தாளும் சேர்ந்தே அறுபடும். இழுக்கும்போது நிறுத்தக்கூடாது, நிறுத்திய இடத்தில் பிசிறு வரும். அப்புறம் 127 ஸ்பூலில் சுற்றவேண்டும். 120-இல் ஃபிலிமின் ஒரு முனை மட்டும்தான் தாளோடு ஒட்டியிருக்கும். திருப்பிச் சுற்றும்போது அந்த ஒட்டு உப்பிக்கொண்டு நிற்கும், பிரித்து மறுபடி ஒட்டவேண்டும். இதை விட்டுவிட்டுத்தான் பலர் முதல் ரோலைக் கெடுக்கிறார்கள்.

இன்னொன்று. 120 தாளில் அச்சிட்ட எண்கள் 127 கேமராவின் முதுகில் படத்தின் எண்ணைக் காட்டும் சிவப்பு ஜன்னலுக்கு நேராக வராது. பழைய 127 தாள் ஒன்றைப் பக்கத்தில் விரித்துவைத்து, வெள்ளிப் பேனாவால் நாமே எண் எழுதிக்கொள்ளவேண்டும். மை நன்றாகக் காயட்டும், ஈரம் இருந்தால் ஃபிலிமில் ஒட்டிக்கொள்ளும்.

எத்தனை பேர் என்று சொல்லுங்கள், எல்லோருக்கும் நானே வெட்டித் தருகிறேன்.

பழைய லென்ஸ் · ஜூன் 18, மதியம் 1.05

திருவாரூர்க்காரன், இப்போது சென்னையில். எனக்கு ஒரு கேள்வி. 120 ரோலை வாங்கி, அதில் கால் பங்கை அறுத்துப் போட்டு, எதற்கு இந்தச் சிரமம்? 120 கேமராவிலேயே எடுத்தால் நெகட்டிவ் பெரிது, படமும் தெளிவு. நம் நாட்டில் அக்ஃபா கிளிக் III வைத்திருந்த வீடுகள் எத்தனை! ஊட்டியில் செய்த ‘இந்து’ என்ற ஃபிலிமை அதில்தான் போட்டு எடுத்தோம். 120-உம் சேர்த்துக்கொண்டால் இன்னும் நிறைய பேர் வருவார்கள்.

கல்லணைக்காற்று · ஜூன் 18, மாலை 6.20

அண்ணே, 120-க்கு இன்னும் கடை இருக்கிறது, கம்பெனி இருக்கிறது. 127-ஐ உயிரோடு வைத்திருப்பது அதை வெட்டிச் சுற்றுபவர்களின் கைதான். இந்த ஒரு நாளாவது அதற்காக இருக்கட்டும் என்பது என் ஆசை.

பாமணிக்கரை · ஜூன் 18, இரவு 8.50

மன்னார்குடியிலிருந்து. நான் பள்ளி ஆசிரியை, இங்கே இதுவரை படித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன். இந்த இழையைப் பார்த்துவிட்டுப் பெட்டியைத் திறந்தேன்.

என் தாத்தா பினாங்கில் கடை வைத்திருந்தார். அந்தக் காலத்தில் நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ரஜூலா கப்பல் போகும். அந்தக் கப்பலில் அவர் கொண்டுவந்த பேபி பிரௌனி எங்கள் வீட்டில் இருக்கிறது. மூடியைத் திருகினால் திறக்கிறது, ஷட்டர் டக்கென்று விழுகிறது.

அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது ஆல்பம். கருப்புத் தாளில் நாலு மூலையும் செருகி வைத்த சின்னச் சின்னப் படங்கள். ஸ்கேல் வைத்து அளந்து பார்த்தேன், எல்லாம் 4×6.5-தான். நெகட்டிவை அப்படியே தாள் மேல் வைத்துப் போட்ட பிரிண்ட். பாட்டி பாமணி ஆற்றங்கரையில் குடத்தோடு நிற்கிறாள், முகம் சுண்டுவிரல் நகத்தளவுகூட இல்லை. ஆனாலும் அது அவள்தான் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். சின்ன வயதில் அந்தப் படத்தை மூக்கருகே வைத்துப் பார்ப்பேன். பெரிதாக்கிய படத்தைச் சுவரில் பார்ப்பது வேறு, இதை உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பது வேறு.

அதனால் 120 கூடாது என்பதே என் கட்சியும். இன்னொரு வேண்டுகோள்: நம் படங்களையும் பெரிதாக்க வேண்டாம். அதே அளவில் கான்டாக்ட் பிரிண்ட் போடுவோம். எனக்கு மன்னார்குடி, பாமணி ஆற்றங்கரை.

பழைய லென்ஸ் · ஜூன் 18, இரவு 9.30

டீச்சர் சொன்னதற்குப் பிறகு நான் 120 பேச்சை எடுக்கமாட்டேன். சேர்ந்துகொள்கிறேன்.

கான்டாக்ட் பிரிண்ட் என்றதும் ஒன்று நினைவுக்கு வந்தது. 1858-இல் மதராஸ் அரசாங்கத்துக்காகப் படம் எடுத்த லினேயஸ் ட்ரைப், தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடியில் ஓடும் கல்வெட்டு வரிகளைத் துண்டு துண்டாக எடுத்தார். அப்போது ஃபிலிம் ஏது? காகிதத்தில் செய்த நெகட்டிவ். 21 பிரிண்டை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். அதுவும் பெரிதாக்காத கான்டாக்ட் பிரிண்ட்தான். ராஜராஜன் சுவரில் எழுத்து ஓடுவது மாதிரியே அந்தப் படமும் ஓடும்.

நாமும் அப்படி ஒட்டினால் என்ன? ஒரு நீளத் தாள். இடது கோடியில் கல்லணை, வலது கோடியில் கடல். மேல் வரிசை ஜூலை, கீழ் வரிசை ஜனவரி. ஒவ்வொரு இடத்திலும் இரண்டு படமும் ஒன்றின் கீழ் ஒன்றாக நிற்கும். நான் நீடாமங்கலம் மூணாறு தலைப்பு எடுத்துக்கொள்கிறேன். வெண்ணாறு அங்கேதான் கோரையாறு, பாமணியாறு என்று பிரிகிறது, டீச்சர் ஊருக்குப் போகும் தண்ணீர் அங்கிருந்துதான் போகிறது.

கல்லணைக்காற்று · ஜூன் 18, இரவு 9.45

இதைப் படித்துவிட்டு எழுந்து நடந்துகொண்டிருக்கிறேன். இரண்டு வரிசை! அப்படியே செய்வோம். தலைப்பு ‘தண்ணீர் வந்தது’ என்று வைக்கலாமா?

கடைமடை · ஜூன் 19, காலை 5.10

தலைஞாயிறு பக்கம், விவசாயி. இந்தக் களத்துக்கு நான் வருவது பழைய கேமராக்களைப் பற்றித் தெரிந்துகொள்ள. உங்கள் பேச்சைப் படித்தேன், சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் சில விஷயங்களைச் சொல்லியாகவேண்டும், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஜூலை 12-இல் தண்ணீர் வந்தது என்று நீங்கள் எழுதுவது கல்லணைக்கும் கும்பகோணத்துக்கும் சரி. அரிச்சந்திரா நதியிலிருந்து பிரியும் எங்கள் வாய்க்காலில் அன்றைக்குத் தண்ணீர் இருக்குமா என்று நான் சொல்லமுடியாது. மேலே முறை வைத்து, ஷட்டருக்கு ஷட்டர் நின்று, எங்களுக்கு வரும்போது மிச்சம்தான் வரும். எங்கள் பக்கத்தில் குறுவையே பெரும்பாலும் கிடையாது. ஒரு போகம் சம்பாதான், அதுவும் புழுதி உழுது நேரடியாக விதைப்போம். அதே மாதிரி ஜனவரி 27 உங்களுக்கு அறுவடை. தாமதமாக விதைத்த எங்களுக்கு அன்றைக்குப் பயிர் பால் பிடித்து நிற்கும், இன்னும் பத்து நாள் தண்ணீர் விடுங்கள் என்று மனு கொடுத்துக்கொண்டிருப்போம்.

ஒரு ரோல் விலை நடவுக் கூலியைவிட அதிகம் என்று கேள்விப்பட்டேன். அவ்வளவு செலவு செய்து எடுக்கிற படத்தில் ஆறு முழுக்கத் தண்ணீர் ஓடுகிற மாதிரி மட்டும் இருந்தால் அது பாதி ஆறுதான்.

கல்லணைக்காற்று · ஜூன் 19, காலை 7.00

அண்ணே, நீங்கள் சொன்னது முழுக்க நியாயம். நான் கல்லணையில் நின்றுகொண்டு யோசித்ததால் அந்தத் தலைப்பு வைத்தேன். அதை எடுத்துவிடுகிறேன். தலைப்பே இல்லாமல் இருக்கட்டும், இடத்தின் பெயரும் தேதியும் மட்டும் போதும்.

நீங்கள் இல்லாமல் இந்தத் தாள் முடியாது. உங்கள் வாய்க்காலை நீங்களே எடுத்துத் தருவீர்களா?

கடைமடை · ஜூன் 19, இரவு 8.30

என்னிடம் கேமரா இல்லையே தம்பி.

குடந்தை நெகட்டிவ் · ஜூன் 19, இரவு 8.35

இரண்டாவது பிரௌனி உங்களுக்கு. நாகப்பட்டினம் பஸ்ஸில் பார்சல் போட்டு அனுப்புகிறேன், ரோல் உள்ளே போட்டே வரும். நீங்கள் ஜன்னலில் எண்ணைப் பார்த்துத் திருகினால் போதும்.

ஹைப்போ ஐயா · ஜூன் 20, காலை 10.00

மாயவரத்தில் நாற்பது வருஷம் ஸ்டூடியோ நடத்தி ஓய்ந்தவன். பேத்தி தட்டச்சு செய்கிறாள், நான் சொல்கிறேன்.

எடுப்பதைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டீர்கள். கழுவுவதைப் பற்றி யாரும் பேசவில்லை. ஜூலையில் நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் முப்பது டிகிரிக்குக் குறையாது. டெவலப்பர் டப்பாவில் எழுதியிருப்பது 20 டிகிரிக்கு. அந்தச் சூட்டில் அப்படியே ஊற்றினால் ஐந்து நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும், திட்டுத் திட்டாக வரும், ஜெலட்டினும் இளகும். நாங்கள் செய்த வழி: முதல் நாள் இரவே தண்ணீரை மண்பானையில் ஊற்றி, ஈரத்துணி சுற்றி, காற்று வரும் திண்ணையில் வைப்பது. ஆனி, ஆடிக் காற்றுக்குப் பானைத் தண்ணீர் நன்றாகக் குளிர்ந்துவிடும். மிச்சத்துக்கு ஐஸ் கட்டியைப் பாலித்தீன் பையில் கட்டி வெளித் தொட்டியில் மிதக்கவிடுவது. ஐஸை மருந்துக்குள்ளேயே போடக்கூடாது, கலவை நீர்த்துவிடும்.

எஃப்பி4 ஃபிலிமை டி-76 மருந்தில் சரிக்குச் சரி தண்ணீர் கலந்து கழுவினால் 20 டிகிரிக்கு 11 நிமிடம். 24 டிகிரி வரை கொண்டுவர முடிந்தால் 8 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். எல்லா மருந்தும், கடைசிக் கழுவல் வரைக்கும், ஒரே சூட்டில் இருக்கட்டும். டெவலப்பர் ஒரு சூடு, படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ ஒரு சூடு என்று மாறினால் ஃபிலிமில் சேற்று வெடிப்பு மாதிரி கோடு விழும்.

கடற்கரைப் பக்கத்துப் பிள்ளைகள் போர்வெல் தண்ணீரில் கடைசிக் கழுவல் செய்யாதீர்கள். உப்பு காய்ந்து புள்ளி நிற்கும். பேட்டரிக்கு ஊற்றும் வாலைவடி தண்ணீர் ஒரு பாட்டில் போதும்.

கழுவும்போது ஃபிலிமைச் சுற்றிவைக்க 127-க்குத் தனி ரீல் தேடி அலையவேண்டாம். பேட்டர்சன் ரீலைத் திருகிப் பாருங்கள், 35-க்கும் 120-க்கும் நடுவில் ஒரு நிறுத்தம் இருக்கும். அது 127-க்குத்தான்.

அப்புறம் முக்கியமானது. சிவப்பு ஜன்னல் வைத்தது சிவப்பு வெளிச்சம் படாத பழைய ஃபிலிமுக்காக. இப்போதைய ஃபிலிம் சிவப்பையும் பார்க்கும். ஜன்னல் மேல் கருப்பு டேப் ஒட்டிவையுங்கள், திருகும்போது மட்டும் நிழலில் நின்று தூக்கிப் பாருங்கள். 400 வேக ஃபிலிம் வேண்டாம். பிரௌனியின் ஷட்டர் ஐம்பதில் ஒரு பங்கு விநாடி, அதை மாற்ற முடியாது. 125 வேகமே வெயிலுக்கு ஜாஸ்தி, ஆனால் கொஞ்சம் கூடினால் கருப்பு வெள்ளை பொறுத்துக்கொள்ளும்.

துலாக் கட்டம் எனக்கு. ரோல்களை எல்லாம் என்னிடம் அனுப்புவதானால் கழுவித் தருகிறேன். கை இன்னும் நடுங்கவில்லை.

ஐயாறு · ஜூன் 20, காலை 10.40

ஐயா, நான் வந்து கூட நின்று கற்றுக்கொள்ளலாமா?

ஹைப்போ ஐயா · ஜூன் 20, காலை 11.15

வா தம்பி. பழைய சட்டை போட்டுக்கொண்டு வா, ஹைப்போ கறை போகாது.

தரங்கை அலை · ஜூன் 24, மாலை 5.00

தரங்கம்பாடி. நான் பூம்புகார் முகத்துவாரம் எடுக்கிறேன், யாரும் எடுக்கவில்லையே. என் கேமராவின் லென்ஸில் பூஞ்சை இருந்தது, ஒரு கடையில் கொடுத்துத் துடைத்து வாங்கினேன். சரியாக இருக்கிறது என்றார்கள்.

குடந்தை நெகட்டிவ் · ஜூலை 6, இரவு 11.20

எட்டு ரோல் வெட்டி முடித்தாயிற்று. தஞ்சாவூரில் பொறியியல் படிக்கும் ஒரு பையன் 3டி பிரிண்டரில் கருப்பு ஸ்பூல் செய்து கொடுத்தான். மூன்று தடவை அளவு மாற்றினோம், விளிம்பு கொஞ்சம் தடிப்பாக இருந்தாலும் கேமராவுக்குள் பொருந்துகிறது. எல்லாம் ஈயத்தாளில் சுற்றி, பெயர் எழுதி, நாளைக்குப் பார்சல். தயவுசெய்து காலி ஸ்பூல்களைத் திருப்பி அனுப்புங்கள், ஜனவரிக்கு வேண்டும்.

கல்லணைக்காற்று · ஜூலை 12, இரவு 9.00

எடுத்துவிட்டேன். காலை ஆறு மணிக்குப் போய் ஒன்பதுக்கு எட்டாவது படம் முடிந்தது. எட்டுதான் என்று தெரிந்திருந்ததால் முதல் ஒரு மணி நேரம் எடுக்கவே இல்லை, பாலத்தின் மேல் நடந்து நடந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பதினெட்டு வருஷமாகப் போகிற இடத்தை அப்படிப் பார்த்ததில்லை. கல்லணைச் சிறுமதகுகளுக்குக் கீழே மீன் பிடிப்பவர்கள் வலையை வீசும் முன் ஒரு நொடி அசையாமல் நிற்கிறார்கள், அந்த நொடியை இரண்டு தடவை பிடித்தேன். நின்ற இடத்தில் சுவரில் சுண்ணாம்பால் சின்னக் குறி வைத்திருக்கிறேன். ஜனவரிக்குள் அழிந்துவிடும் என்று கைப்பிடித் தூணையும் எண்ணி எழுதி வைத்தேன், வடக்கிலிருந்து ஏழாவது.

பாமணிக்கரை · ஜூலை 12, இரவு 9.40

நான் கரையில் எடுக்கப் போனேன், கரைக்கு அந்தப் பக்கம் நடவு நடந்துகொண்டிருந்தது. பதினோரு பேர் வரிசையாகக் குனிந்து, பின்னாலேயே நகர்ந்து வருகிறார்கள். பேபி பிரௌனியைப் பார்த்துவிட்டு ஒரு அம்மா, ‘இது என்னடி, சோப்பு டப்பா மாதிரி இருக்கு’ என்றார்கள். தாத்தாவுடையது என்றேன். உடனே எல்லோரும் நிமிர்ந்து, சேற்றுக் கையை இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டு நின்றார்கள். நான் வேலை செய்கிற மாதிரிதான் எடுக்க நினைத்திருந்தேன். ஆனால் அவர்கள் நிற்க விரும்பினார்கள், அதனால் நிற்கிற மாதிரியே எடுத்தேன். ஒரு முழுப் படம் அவர்களுக்காக. பிரிண்ட் பதினொன்று வேண்டும் ஐயா, ஆளுக்கொன்று கொடுப்பதாகச் சொல்லிவிட்டேன்.

கடைமடை · ஜூலை 12, இரவு 10.30

எங்கள் வாய்க்காலுக்கு இன்னும் தண்ணீர் வரவில்லை. சொன்னபடி எட்டும் எடுத்துவிட்டேன். வெடித்த தரை. மதகில் சாய்த்து வைத்த என் மண்வெட்டி. வாய்க்காலுக்குள் மேயும் ஆடுகள். தூர் வாரிக் கரையில் போட்ட மண், அதில் முளைத்த கோரை. வாய்க்காலைக் கிழக்கே பார்த்து ஒன்று, மேற்கே பார்த்து ஒன்று. மேற்கே பார்த்து எடுக்கும்போது ரொம்ப நேரம் நின்றேன், தண்ணீர் அந்தப் பக்கமிருந்துதான் வரும். இரண்டு படம் எண் மாறித் திருகிவிட்டேனோ என்று சந்தேகம்.

ஐயாறு · ஜூலை 20, மாலை 6.00

நான்கு நாள் மாயவரத்தில் இருந்து ஐயாவோடு கழுவிவிட்டு வந்தேன். பானைத் தண்ணீர் 25 டிகிரி இருந்தது, ஐஸ் பையோடு 24-க்கு வந்தது. இருட்டில் ரீலில் ஃபிலிம் ஏற்றும்போது ஐயா என் கை மேல் தன் கையை வைத்து, சிக்குகிற இடத்தில் நிறுத்தச் சொல்லிக் காட்டினார். இரண்டாவது ரோலிலிருந்து நானே ஏற்றினேன்.

எட்டில் ஏழு நன்றாக வந்திருக்கின்றன. தரங்கை அண்ணன் ரோல் முழுக்க நடுவில் மட்டும் தெளிவாகவும் சுற்றிலும் கரைந்தும் இருந்தது. கேமராவைக் கொண்டுவரச் சொல்லி ஐயா திறந்து பார்த்தார். துடைத்துக் கொடுத்தவர்கள் லென்ஸைத் திருப்பி மாட்டியிருக்கிறார்கள், குழிந்த பக்கம் தப்பாக இருந்தது. ஐயா ஐந்து நிமிடத்தில் சரிசெய்துவிட்டார்.

என் படங்களில் படித்துறையிலிருந்து குதிக்கும் பையன்கள் எல்லாம் இழுபட்டுத்தான் விழுந்திருக்கிறார்கள், ஐம்பதில் ஒரு பங்குக்கு அவர்கள் நிற்கவில்லை. கல் படிகள் மட்டும் கூர்மையாக இருக்கின்றன. எனக்கு அது பிடித்திருக்கிறது.

தரங்கை அலை · ஜூலை 20, மாலை 6.45

வருத்தம்தான். ஆனால் ஒரு படத்தை வைத்துக்கொள்ளலாம் என்று ஐயா சொல்கிறார். மேலையூர் கதவணையைத் தாண்டிக் கடலைப் பார்த்து எடுத்தது. படகின் முனை நடுவில் இருக்கிறது, மற்றதெல்லாம் தண்ணீராகிவிட்டது.

ஹைப்போ ஐயா · ஜூலை 21, காலை 9.30

எல்லா நெகட்டிவையும் தாள் மேல் வைத்துப் பார்த்தேன். ஆற்று வழியில் அடுக்கினால் வெளிச்சம் தானாக மாறிக்கொண்டு போகிறது. கல்லணையில் நுரை வெள்ளையாக எரிகிறது. மூணாறு தலைப்பில் தண்ணீர் சாம்பல். மன்னார்குடியில் நடவு ஆட்கள். அதற்கு அடுத்தது தலைஞாயிற்று வாய்க்கால், அங்கே வெள்ளை மறுபடி வருகிறது, ஆனால் அது காய்ந்த மண்ணின் வெள்ளை. நாற்பது வருஷத்தில் கல்யாணம் காதுகுத்து என்று எவ்வளவோ பிரிண்ட் போட்டிருக்கிறேன். இந்த ஒரு தாளை நான் என் கையால் போட்டுவிட வேண்டும்.

கடைமடை அண்ணனுக்கு: எண் ஒன்றும் மாறவில்லை. எட்டும் தனித்தனியாக வந்திருக்கின்றன. மேற்கே பார்த்த படம்தான் எல்லாவற்றிலும் நல்ல நெகட்டிவ்.

பழைய லென்ஸ் · ஜூலை 21, காலை 10.10

அந்த மேற்கே பார்த்த படத்தையே தலைஞாயிற்றுக்கு வைக்கலாம். ஜனவரியில் அதே மதகில் நின்று மேற்கே பார்த்து எடுத்தால் போதும். நீங்கள் என்ன சொல்கிறீர்கள் அண்ணே?

கடைமடை · ஜூலை 22, இரவு 7.50

சரி, அதையே வையுங்கள்.

19-ஆம் தேதி விடியற்காலை தண்ணீர் வந்தது. முழங்காலுக்குக் கீழேதான், செத்தையும் நுரையுமாக வந்தது. சத்தம் கேட்டு எழுந்து போனேன். ஆடு கட்டுகிறவர், பால்காரர், எதிர்வீட்டுப் பெரியவர் எல்லோரும் மதகில் வந்து நின்றார்கள். கேமராவும் கையோடு எடுத்துப் போயிருந்தேன், ஆனால் உள்ளே ஃபிலிம் இல்லை. இருந்தாலும் கண்ணாடி வழியாகக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குடந்தைத் தம்பிக்கு ஒரு வேண்டுகோள். கேமராவை ஜனவரி வரைக்கும் என்னிடமே வைத்துக்கொள்ளலாமா? எந்த வெளிச்சத்தில் எந்தப் பக்கம் நிற்பது என்று அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.

குடந்தை நெகட்டிவ் · ஜூலை 22, இரவு 8.05

வைத்துக்கொள்ளுங்கள் அண்ணே. ஈரம் படாத இடத்தில், அரிசிப் பானை பக்கமாக வையுங்கள். இந்த வாரப் பார்சலில் இரண்டு ரோல் அனுப்புகிறேன். ஒன்று ஜனவரி 27-க்கு. இன்னொன்று உங்களுக்கு, எப்போது வேண்டுமானாலும் எடுங்கள்.